சத்தத்தையும் அளந்து பார்க்கலாம்!

கூரையைக் கழற்றி மாட்டுகிற ஜீப் என்றால் ஆண்களுக்கு ஓர் ஆசை. பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டு ஜீப்புக்குத் துணிக்கூரை. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போய் வருவதற்குள் அத்தைக்குத் தலைவலி. மகளுக்குக் காதில் 'கொய்ங்' என்று இரைச்சல். என்னவரிடம் சொன்னால், "ஜீப்புன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்பார்.

ஒருநாள் செல்போனில் சத்தம் அளக்கும் ஆப்பைப் போட்டு, பின் சீட்டில் வைத்து அளந்தேன். 60 கி.மீ. வேகத்தில் 84 டெசிபல், 40ல் 77. தொழிற்சாலை வேலைக்கே 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்தான் என்று அமெரிக்காவில் வரம்பு சொல்கிறார்கள். அதுவும் பெரியவர்களுக்குச் சொன்னது, பிள்ளைகளுக்கு அல்ல! அதைக் காட்டியதும்தான் அவர் வாயடைத்துப் போனார்.

பிறகு காற்றில் படபடத்த துணியை இழுத்துக் கட்டினோம். கதவு இடுக்கில் தேய்ந்துபோன ரப்பரை மாற்றி, தரையில் கனமான மேட் விரித்தோம். அதே போன், அதே இடம், அதே ரோடு, அதே வேகம்: 80 டெசிபல். "நாலுதானே குறைஞ்சிருக்கு" என்று நினைக்காதீர்கள். 3 டெசிபல் குறைந்தாலே சத்தத்தின் சக்தி பாதியாகிவிடும்.

செல்போன் கணக்கு துல்லியம் இல்லைதான். ஆனால் முன்னே பின்னே ஒப்பிட அது போதும். காசு செலவில்லாத வைத்தியம், வேகத்தைக் குறைப்பது. "காது வலிக்குது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அது சிணுங்கல் இல்லை சகோதரிகளே, அளந்து பாருங்கள்!

- ஒரு வாசகி, ஆலங்குடி.