பிரைமேற்றுப் பாகுபாடும் மனிதச் செருக்கும்

உயிரினங்களின் தோற்றம் பற்றித் தமிழ் மேடைகளிலே பேச்சு எழும்போதெல்லாம் இரு கூற்றுக்கள் தவறாது இடம்பெறுகின்றன. குரங்கிலிருந்து மனிதன் தோன்றினான் என்றால் இன்றுள்ள குரங்குகள் ஏன் மனிதராகவில்லை என்பது ஒன்று. டார்வினுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொல்காப்பியர் கூர்ப்புக் கொள்கையை நிறுவிவிட்டார் என்பது மற்றொன்று. முன்னது கூர்ப்பை மறுப்போரின் வினா. பின்னது கூர்ப்பைத் தமிழர் சொத்தாக்க விழைவோரின் பெருமிதம். எதிரெதிராக நிற்பன போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தவற்றிலிருந்தே பிறக்கின்றன. உயிரினங்கள் யாவும் ஓர் ஏணியின் படிகளிலே நிற்கின்றன, அதன் உச்சிப்படி மனிதனுக்குரியது என்ற எண்ணமே அத்தவறு. மனிதன், மனிதக் குரங்கு, குரங்கு, தேவாங்கு, லீமர் முதலியவற்றை உள்ளடக்கிய முலையூட்டித் தொகுதியான பிரைமேற்று வருணத்தை விஞ்ஞானிகள் பாகுபடுத்தி வந்த வரலாறு, இவ்வேணி ஒவ்வொரு படியாக முறிந்த வரலாறேயாகும்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735ஆம் ஆண்டிலேயே மனிதனையும் குரங்கையும் ஒரே வருணத்தில் அடக்கினார். 1758இல் வெளிவந்த தமது நூலின் பத்தாம் பதிப்பில் அவ்வருணத்துக்குப் பிரைமேற்று எனப் பெயரிட்டார். வெட்டும்பற்களின் அமைப்பும் மார்பிலே அமைந்த இரு முலைகளும் அவர் கொண்ட அடையாளங்களுட் சில. அவ்வடையாளங்களை நம்பி வௌவாலையும் அதே வருணத்திற் சேர்த்தமை அவரது வழுவாகும். எனினும், மனிதனைக் குரங்கிலிருந்து பிரிக்கவல்ல உடற்கூற்று அடையாளம் ஒன்றையேனும் காட்டுமாறு 1747இல் எழுதிய கடிதமொன்றில் அவர் கேட்டிருந்தார். கூர்ப்பை ஏற்காத, படைப்புக் கொள்கையில் நம்பிக்கை கொண்ட ஒருவரின் கேள்வி அது. ஆயினும் அவர் தெரிந்தெடுத்த பெயரிலேயே ஏணி ஒளிந்திருந்தது. பிரைமேற்று என்பதன் பொருள் 'முதன்மையானவை' என்பதாம்.

பின்வந்தோர்க்கு அந்த அயலுறவும் பொறுக்கவில்லை. புளூமன்பாக், குவியே ஆகியோர் மனிதனை 'இருகையன்' எனவும் குரங்குகளை 'நாற்கையின' எனவும் இரு வருணங்களாகப் பிரித்தனர். 1857இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் இன்னும் ஒருபடி மேற்சென்று, மூளையமைப்பை ஆதாரமாகக் காட்டி மனிதனுக்கெனத் தனியான உபவகுப்பையே வகுத்தார். சிறுமூளையை மூடும் பின்மடலும் 'சிறிய இப்போகம்பஸ்' எனப்பட்ட உள்மேடும் மனித மூளைக்கே உரியன என்றார் அவர். தோமஸ் ஹக்ஸ்லியும் பிறரும் குரங்கு மூளைகளைப் பிளந்து பார்த்தபோது அவ்வுறுப்புக்கள் அங்கும் இருந்தன. கொரில்லாவின் பின்னங்கால் 'கை' என்ற கூற்றுக்கும் அதே கதியே நேர்ந்தது. என்புகளின் ஒழுங்கிலும் தசைகளின் அமைப்பிலும் அது பாதமே. பெருவிரலாற் பற்றவல்ல பாதம் என்பது மட்டுமே வேறுபாடு. கொரில்லாவுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலும் கொரில்லாவுக்கும் ஏனைய குரங்குகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது என்று ஹக்ஸ்லி 1863இல் எழுதினார். ஓவன் திறமையற்றவர் அல்லர். அக்காலத்தின் தலைசிறந்த உடற்கூற்றியலாளருள் ஒருவர். அவரது கண்ணை மறைத்தது அறியாமையன்று, செருக்கே.

ஏணி அத்துடன் வீழ்ந்துவிடவில்லை. 1945இல் ஜோர்ஜ் சிம்சன் வெளியிட்ட முலையூட்டிப் பாகுபாடு மனிதனை ஒரு குடும்பத்திலும், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றை வேறொரு குடும்பத்திலும் வைத்தது. நிமிர்ந்த நடை, பெரிய மூளை, சிறிய கோரைப்பல் ஆகியன மனிதனுக்கெனத் தனிக்குடும்பம் வகுக்கப் போதுமானவை எனக் கருதப்பட்டது. இவ்விடத்திலே தருக்கம் ஊன்றி நோக்கப்பட வேண்டும். சகோதரர் மூவரில் ஒருவன் கடல்கடந்து சென்று உடையும் பேச்சும் மாறித் திரும்பினால், ஏனைய இருவரும் தம்முள் ஒத்திருக்கக் காணப்படுவர். அதனால் அவன் அத்தாயின் மகனல்லன் என்று எவரும் சொல்வதில்லை. பழைய பண்புகளைப் பேணிக்கொண்டமை அவ்விருவரையும் தனிக்குடும்பமாக்காது. பொது மூதாதையிடத்துத் தோன்றிப் பகிரப்பட்ட புதிய பண்புகளே உறவுக்குச் சான்றாகும் என்பதை ஜேர்மனிய அறிஞர் வில்லி ஹெனிக் 1950இல் முறைப்படுத்தினார். வாலின் மறைவு அத்தகைய சான்று. அது மனிதனையும் மனிதக் குரங்குகளையும் ஒரே கிளையிற் கட்டுகிறது. ஐவிரற் கை அத்தகையதன்று; அது மிகத் தொன்மையான முதுசம்.

உடற்கூறு உரைத்ததைக் குருதியும் உரைத்தது. மொறிஸ் குட்மன் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, சிம்பன்சியையும் கொரில்லாவையும் மனிதக் குடும்பத்திற் சேர்க்க வேண்டும் என 1963இல் வாதிட்டார். 1967இல் வின்சென்ட் சரிச், அலன் வில்சன் ஆகிய இருவரும் மனிதனும் ஆபிரிக்க மனிதக் குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ 5 மில்லியன் ஆண்டுகளே ஆயின எனக் கணித்தனர். தொல்லுயிரியலாளர் பலர் இதனை எள்ளி நகையாடினர். அவர்களிடம் இராமபிதேக்கஸ் இருந்தது. 1932இல் சிவாலிக் குன்றுகளிலே கண்டெடுக்கப்பட்ட அத்தாடைத் துண்டினை, 14 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித மூதாதையின் எச்சம் என அவர்கள் போற்றினர். ஆனால், பாகிஸ்தானிலே கிடைத்த சிவபிதேக்கஸ் முக என்புகள் பற்றி டேவிட் பில்பீம் 1982இல் எழுதியபோது, அவ்வுயிர் ஒராங்குட்டானின் உறவு என்பது புலனாயிற்று. இராமபிதேக்கஸ் அதே சிவபிதேக்கஸ் சாதியினுள் அடங்கிப்போயிற்று. துண்டுத் தாடையிலே மனிதனைக் காண விழைந்த கண்களே அங்கு மனிதனைக் கண்டன. 2005இல் சிம்பன்சியின் மரபுத்தொகுதி வாசிக்கப்பட்டபோது, ஒப்பிடத்தக்க பகுதிகளிலே தனி எழுத்து வேறுபாடு ஏறத்தாழ 1.2 வீதமே எனத் தெரியவந்தது. சிம்பன்சிக்கு நெருங்கிய உறவு கொரில்லாவன்று, மனிதனே. இன்று மனிதக் குடும்பம் எனப்படுவது சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றையும் அடக்கியதாகும்.

ஏணியின் அடிப்படிகளும் இவ்வாறே முறிந்தன. தேவாங்கு, லீமர், டார்சியர் ஆகியவை 'குரங்குக்கு முற்பட்டவை' என ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. தேவாங்குக்கு ஈரமூக்கு உண்டு. இருளில் ஒளிரும் கண் உண்டு. டார்சியருக்கு இவையிரண்டும் இல்லை. இவ்வகையான பண்புகளைக் கொண்டு 1918இல் ரெஜினோல்ட் பொகொக் டார்சியரைக் குரங்குகளோடும் மனிதனோடும் சேர்த்தார். தேவாங்கும் கூர்ப்பிலே பின்தங்கி நின்றுவிட்ட உயிரன்று. கீழ்த்தாடையின் சீப்புப்பற்களும் கிளையை இறுகப் பற்றுவதற்காகக் குறுகிய சுட்டுவிரலும் அதன் வழியிலே தோன்றிய புதுமைகள். மனிதனுக்குக் கிடைத்த அதே கால அளவு தேவாங்குக்கும் கிடைத்தது. இலங்கைக்கே உரிய செங்குரங்கை எடுத்துக்கொள்வோமாயின், சீனத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற அவ்வுயிருக்கு லின்னேயஸ் 1771இல் 'சீனத்துக்குரியது' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதன் தாடையின் ஒவ்வொரு பாதியிலும் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டே. மனிதனுக்கும் இரண்டே. தென்னமெரிக்கக் குரங்குகளுக்கோ மூன்று. பேராதனை மரங்களிலே தாவும் குரங்கு அமேசன் காட்டுக் குரங்கைவிட மனிதனுக்கே நெருங்கிய உறவு என்பதை அதன் வாயே சொல்கிறது. இன்றுள்ள குரங்குகள் ஏன் மனிதராகவில்லை என்ற வினாவுக்கும் விடை இதுவே. அவை மனிதனின் பாட்டனார் அல்ல; ஒன்றுவிட்ட சகோதரர். ஒருவனுடைய மச்சான் ஏன் அவனாக மாறவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவிலே தொடங்கி, நத்தை, எறும்பு, நண்டு, விலங்கு என ஏற்றி, மக்களை ஆறறிவிலே முடிக்கிறது. இது புலனறிவின் எண்ணிக்கையால் அமைந்த வரிசை. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்ற கருத்து அதில் இல்லை. வழிவழி வந்த உறவு பற்றிய பேச்சும் இல்லை. இதனைக் கூர்ப்பு என்போர் கூர்ப்பையும் அறியார், தொல்காப்பியத்தையும் அறியார். அந்நூலின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. குரங்கு, முசு, ஊகம் என மூன்றையும் பிரித்தறிந்து, அவற்றின் பெண்பாலுக்கு மந்தி என்ற பொதுப்பெயர் உண்டு என்று அது பதிவு செய்கிறது. கிளியையும் குரங்கையும் யானையையும் ஆறறிவின்பாற் சேர்த்து எண்ணும் உரைமரபும் தமிழிலே உண்டு. அவ்வுரைகாரரின் மனம் ஓவனின் மனத்தினும் விரிந்தது. இல்லாத பெருமையைச் சூட்டுவோர் உள்ள பெருமையை மறைத்துவிடுகின்றனர்.

இவையெல்லாம் விலங்கியலாளரின் உள்வீட்டுச் சச்சரவு என ஒதுக்கிவிட இயலாது. குரங்கு கீழ், மனிதன் மேல் என்ற ஏணியை ஏற்றவர்கள், மனிதருள்ளும் கீழ்ப்படி தேடினர். லின்னேயஸ் அதே 1758ஆம் ஆண்டு நூலில் மனிதரை நால்வகையாக்கி, ஒவ்வொரு வகைக்கும் குணங்களையும் கற்பித்தார். பீற்றர் காம்பர் வகுத்த முகக்கோணத்தைப் பின்வந்தோர் ஆபிரிக்கரைக் குரங்குக்கு அருகே நிறுத்தப் பயன்படுத்தினர். 1906 செப்டெம்பரில் நியூயோர்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையின் குரங்குக் கூடத்தில் கொங்கோ நாட்டவரான ஓட்டா பெங்கா காட்சிக்கு வைக்கப்பட்டார். கறுப்பின மதகுருமாரின் எதிர்ப்பினாலேயே அக்காட்சி நின்றது. 1916இல் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஈழத்துத் தமிழ்மொழிவழி உயிரியற் கல்வி வருணம், சாதி என்னும் சொற்களைக் கலைச்சொற்களாகக் கையாளுகிறது. சொல்லை மாற்றுவதா என்பது வேறு விவாதம். ஆனால் பிறப்பினால் மேல், கீழ் என வகுத்துப் பழகிய சமூகத்திலே அச்சொற்கள் வெறுங்கையோடு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. விலங்கியலின் சாதி உயர்வு தாழ்வைக் கூறுவதில்லை. யார் யாருடைய உறவு என்பதையே கூறுகிறது. இதனைச் சொல்லிக் கொடுக்காத ஆசிரியர், பெயர்களை மட்டும் மனனம் செய்விப்பவராவார்.

மொழியும் இலக்கியமும் படைத்த மனிதனைக் குரங்கோடு சேர்ப்பது அவனைத் தாழ்த்துவதாகாதா எனச் சிலர் வினவலாம். மனிதனின் தனித்தன்மையைப் பாகுபாடு மறுக்கவில்லை. அவனது பிறந்தகத்தைக் கூறுகிறது, அவ்வளவே. உறவைச் சொன்னால் தாழ்வு வந்துவிடும் என அஞ்சுவோர், உறவினரை ஏற்கனவே தாழ்ந்தோராகத் தீர்ப்பிட்டவர்கள். அவ்வச்சம் குரங்குக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் கல்யாணப் பந்தலிலும் அது தலைகாட்டியே வந்திருக்கிறது. ஏணியை விலங்கியலாளர் கைவிட்டுவிட்டனர். அதனை இன்னமும் சுமந்து திரிவோரே அதற்கான நியாயத்தைக் கூறவேண்டும்.