பந்து இருக்கும் அலமாரியின் சாவி

2023 மே 21, அகமதாபாத். இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம். கேரளத்தின் கோகுலம் அணி, கர்நாடகத்தின் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என்று தோற்கடித்துத் தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அந்த ஐந்து கோல்களில் இரண்டை அடித்தவர் சந்தியா ரங்கநாதன். இன்னொன்றை அடித்தவர் இந்துமதி கதிரேசன். சந்தியா பண்ருட்டிக்காரர், இந்துமதி கடலூர்க்காரர். நாட்டின் பெரிய மகளிர் கோப்பைக்கான ஆட்டத்தில் விழுந்த ஐந்தில் மூன்று, எங்கள் மாவட்டத்துக் கால்கள் அடித்தவை.

மறுநாள் காலை கடலூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பேச்செல்லாம் அதற்கடுத்த நாள் சேப்பாக்கத்தில் நடக்கவிருந்த ஐபிஎல் ஆட்டத்தைப் பற்றித்தான். தோனி ஆடுவாரா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரே கவலை. தோனியின் முழங்காலைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. ஆனால் பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் பண்ருட்டியிலிருந்து ஒரு பெண் நாட்டின் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்திருக்கிறார் என்பது அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே முந்தைய இரவு யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில்தான் தெரிந்தது. எனவே மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை.

சந்தியாவைப் பற்றி அவ்வப்போது செய்திகள் வரத்தான் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பு: வறுமை, கண்ணீர், விடாமுயற்சி, சாதனை. பெற்றோர் பிரிந்து வாழ்ந்ததால் சிறுவயதிலிருந்தே அரசு விடுதியில் வளர்ந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆறாம் வகுப்பில் மூத்த மாணவிகள் ஆடுவதைப் பார்த்துப் பந்தைத் தொட்டிருக்கிறார். செய்தி எழுதுகிறவர்கள் இதில் 'அரசு விடுதி' என்பதைச் சோகக் கணக்கில் வைக்கிறார்கள். விடுதியில் வளர்ந்தும்கூட ஜெயித்தார் என்று எழுதுகிறார்கள். விடுதியில் வளர்ந்ததால்தான் அவருக்குப் பந்து கிடைத்தது என்பதுதான் எனக்குத் தெரிகிற கதை.

ஸ்ட்ரைக்கரின் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் அவர் காலில் பந்து இருப்பது மிகச் சொற்ப நேரம். மீதி நேரம் முழுக்க ஓட்டமும் காத்திருப்பும்தான். பாஸ் கிளம்பும் முன்பே ஓரடி முன்னால் போய்விட்டால் ஆஃப்சைடு. அரை நொடி பிந்தினால் பந்து டிஃபெண்டருக்கு. எப்போது நிற்பது, எப்போது பாய்வது என்பதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி பந்துகளை, ஆயிரம் மாலைகள் வாங்கி வாங்கித்தான் உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது. அந்த ஆயிரம் மாலைகளுக்கு என்னென்ன வேண்டும்? ஒரு மைதானம் வேண்டும். ஒரு பந்தும் சொல்லித்தர ஒருவரும் வேண்டும். பிறகு, ஆறு மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு யாரும் கூப்பிடாத ஒரு வாழ்க்கை வேண்டும். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மாலை என்ற ஒன்று சொந்தமாக இருக்கிறது? கழுவுவதற்குப் பாத்திரம் இருக்கும், தூக்குவதற்குத் தம்பி இருப்பான். இருட்டினால் வெளியே போகக் கூடாது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எங்கள் கடற்கரையைச் சிதைத்த பிறகு, கடலூரில் குழந்தைகளுக்கான அரசு இல்லங்களில் பெண் பிள்ளைகள் கூட்டமாக வளர்ந்தார்கள். பயிற்சியாளர் மாரியப்பனின் முயற்சியில் உருவான இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்ற சிறிய அமைப்பு, விடுதிப் பெண்களை வைத்தே ஓர் அணியைக் கட்டியது. 2018இல் ஷில்லாங்கில் நடந்த மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் அதுவும் ஒன்று. பெரிய முதலாளி எவரும் பின்னால் இல்லாமல், கடலூர் மாவட்டத் தலைநகரிலிருந்து ஓர் அணி. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் கோப்பையைத் தொட்டபோது, இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் இந்துமதியுடையது. அடுத்த ஆண்டு நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியில் சந்தியா, இந்துமதி இருவரும் இருந்தார்கள். லூதியானாவில் லீக் கோப்பையை வென்ற மதுரை சேது அணியிலும் இருவரும் இருந்தார்கள். இந்துமதி விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். 2020 ஊரடங்கில் அவர் ஆடுகளத்தில் இல்லை, சென்னைச் சாலைகளில் காவல் பணியில் நின்றார்.

இவர்கள் என்ன சாதி என்று நான் தேடவில்லை. நீங்களும் தேட வேண்டாம். 2016இல் சிந்து ரியோவில் பதக்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் என்ன சாதி என்று கூகுளில் தேடிய கூட்டம் ஒன்று இருந்தது நினைவிருக்கும். 2021இல் டோக்கியோவில் இந்திய ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்று, ஹரித்வாரில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டியதும் அதே கூட்டம்தான். ஜெயித்தால் எங்கள் சாதியா என்று பார்ப்பது, தோற்றால் உங்கள் சாதியால்தான் என்பது. இந்தக் கட்டுரைக்குத் தேவையான சாதி, ஆடுகிறவரின் சாதி அல்ல. மைதானத்தின் சாதி.

மைதானத்துக்குச் சாதி உண்டா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் வர வேண்டும். சிதம்பரத்துக்கு அருகே தெற்குத் திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. நாற்காலிக்கே சாதி இருக்கிற இடத்தில் ஓடுகிற மண்ணுக்கு இருக்காதா? எங்கள் ஊரில் மைதானம் என்று ஒன்று உண்டு, அது ஊர்ப் பக்கம். காலனிப் பையன்கள் ஆடக் கூடாது என்று பலகை எதுவும் கிடையாது. ஒருநாள் எங்கள் பந்து கோயில் மதிலில் பட்டது. சாயங்காலம் பஞ்சாயத்து வைத்தார்கள், எங்கள் அப்பாக்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு பலகை எதற்கு? சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வயல் காயும்வரை காத்திருப்போம். தாள்கட்டை காலில் குத்தும். சித்திரை வரை அதுதான் எங்கள் அரங்கம்.

என் அக்கா என்னைவிட வேகமாக ஓடுவாள். அவளுக்கு அந்த வயலும் கிடையாது. அவளை வரப்பில் உட்கார வைத்துப் பந்து பொறுக்கிப் போடச் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை, நாங்கள்தான்.

பிறகு நான் சிதம்பரத்தில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். எந்த விடுதி என்பது வேண்டாம், ஏனென்றால் இது ஒரு விடுதியின் கதை மட்டும் இல்லை என்று பிறகு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே மூன்று கால்பந்துகளும் காற்றடிக்கும் பம்பும் காப்பாளர் அறையின் இரும்பு அலமாரியில் இருந்தன. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் பந்துகள் வெளியே வரும். ஜீப் போனதும் உள்ளே போகும். கேட்டால், 'படிக்க வந்தியா, ஆட வந்தியா?' நாங்கள் தலைக்கு ஐந்து ரூபாய் போட்டு ஒரு ரப்பர் பந்து வாங்கினோம். விடுதிக்கு மைதானம் இல்லை. பின்னால் ஒரு பள்ளம், ஐப்பசியில் தண்ணீர் நின்றால் பொங்கல்வரை வடியாது.

காப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. 'படிக்க வந்தியா, ஆட வந்தியா' என்று என் அப்பாவும்தான் கேட்டார். நம் இயக்கத் தோழர்களும் வேறு வார்த்தையில் அதையே கேட்கிறார்கள். கல்விதான் ஆயுதம், விளையாட்டு எதற்கு என்று. இந்தப் பயத்தின் வேர் எனக்குப் புரிகிறது. சிதம்பரத்தில் நந்தன் தீயில் இறங்கிய பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது என்று புராணம் சொல்கிறது. அந்த ஊரிலேயே 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். எரிந்தவன் பெயரில் எழுத்து. அந்தப் பள்ளியும் விடுதியும் இல்லாமல் இந்தப் பகுதியில் எத்தனை தலைமுறை சேற்றிலேயே முடிந்திருக்கும்! அப்படிக் கிடைத்த இடத்தை ஒரு பந்துக்காக யார் இழக்கத் துணிவார்கள்?

ஆனால் பாருங்கள், நகரத்துத் தனியார் பள்ளியில் நீச்சல் குளம், கால்பந்து அகாடமி, ஸ்கேட்டிங் என்று விளம்பரம் போடுகிறார்கள். அவர்கள் பிள்ளை ஆடினால் அது ஆளுமை வளர்ச்சி. நம் பிள்ளை ஆடினால் ஊர் சுற்றுவது. இதை நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். நம் உடம்பு உழைப்பதற்கு மட்டும் என்று ஆயிரம் ஆண்டுகளாகச் சொன்னார்கள். மகிழ்ச்சிக்காக ஓடுகிற உடம்பு அதற்கு எதிரான வாதம் இல்லையா? 'ப்ளூ ஸ்டார்' படத்தில் அரக்கோணம் பையன்கள் மட்டையைத் தூக்கியபோது நாமெல்லாம் விசில் அடித்தோம். 'பிகில்' படத்தில் ஒரு பெண்கள் அணியே இருந்தது, ஆனால் யாருக்கு விசில் அடித்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மைதானம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அயர்லாந்தில் ஸ்டெஃபனி ரோச் என்று ஒரு ஸ்ட்ரைக்கர். 2013இல் நூறு பேர்கூடப் பார்க்காத ஓர் உள்ளூர் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விடாமல் இரண்டு தொடுதலில் சுழற்றி அவர் அடித்த கோல், உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதுப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ஹாமெஸ் ரோட்ரிகெஸ் மட்டும்தான் அவருக்கு முன்னால். அப்படிப்பட்டவர் ஆடிய தேசிய அணியின் பெண்கள், 2017 ஏப்ரலில் டப்ளினில் தொழிற்சங்கக் கட்டடத்தில் வரிசையாக உட்கார்ந்து பத்திரிகையாளர்களிடம் சொன்னது இது: அணியின் டிராக்சூட்டை இரவல் மாதிரி வாங்கி, விமான நிலையக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறோம். ரோச்சும் அந்த வரிசையில் இருந்தார். ஆட மாட்டோம் என்று அணியாக மிரட்டிய பிறகுதான் சங்கம் இறங்கி வந்தது. 2021இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் அறிவித்தது. ரோச்சின் கோல் அந்த டிராக்சூட்டை வாங்கித் தரவில்லை. ஒன்றாக உட்கார்ந்ததுதான் வாங்கித் தந்தது.

இங்கே மகளிர் லீக்கில் ஆடுகிறவருக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று கூட்டமைப்பு 2023இல்தான் முடிவெடுத்தது. அதுவும் ஓர் அணிக்குப் பத்து பேருக்கு. ஆண்கள் லீக்கில் கோடிகள் புழங்குகின்றன. நான் இதைச் சந்தியாவுக்காக மட்டும் சொல்லவில்லை. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் ஒரு விடுதிப் பெண்ணின் அம்மா, 'ஆடினால் சோறு கிடைக்குமா?' என்று கேட்டால் நாம் சொல்லப்போகும் பதில் அந்தத் தொகையில்தான் இருக்கிறது.

சோறு என்றதும் இன்னொன்று. 2023இல் விடுதியில் தங்கும் பள்ளி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக அரசு உயர்த்தியது. வரவேற்கத்தான் வேண்டும். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட வரவில்லை, மூன்று வேளைக்கும் சேர்த்து. மாலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிற பிள்ளைக்கு இதில் எத்தனை முட்டை வரும்? 2025 ஜூலையில், பல துறைகளின் கீழ் இருக்கும் 2,739 மாணவர் விடுதிகளும் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெயரில் சாதி போனது நல்லதுதான். பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் அந்த இரும்பு அலமாரியை யார் திறப்பது?

நான் செய்திருக்கும் சின்ன வேலையைச் சொல்கிறேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. சிதம்பரம் வட்டத்தில் இருக்கும் விடுதிகளைப் பற்றி நான்கு கேள்விகள். ஒவ்வொரு விடுதிக்கும் கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன விளையாட்டுப் பொருள் வாங்கப்பட்டது? அது இப்போது எங்கே இருக்கிறது? நடந்து போகும் தூரத்தில் எந்த அரசு மைதானம் உள்ளது, அதில் விடுதி மாணவர்கள் ஆட அனுமதி உண்டா? பெண்கள் விடுதிக்குப் பயிற்சியாளர் யார்? நான்காவது கேள்வியை அக்கா சேர்க்கச் சொன்னாள். அவள் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஆண்டு விடுதியில் சேர்க்கப்போகிறார்கள்.