நாய்க்கும் ஒரு நடுகல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்

தமிழில் ஒருவனை இழித்துரைக்க 'நாய்' என்ற ஒரு சொல் போதும். தெருச் சண்டையில் முதலில் வந்து விழுவதும் அச்சொல்தான். தில்லையிலே இறைவனோடு கலந்தார் எனப் போற்றப்படும் மாணிக்கவாசகர்கூடத் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நினைத்தபோது 'நாயேன்' என்றே சொல்லிக்கொண்டார். இழிவுக்கு எல்லையாக நாம் வைத்திருக்கும் அதே நாய்க்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே தமிழ்நாட்டில் உருவம் செதுக்கி, பெயரும் பொறித்து வைத்தார்கள் என்றால் நண்பர்கள் நம்புவார்களா?

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியில், எடத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 624 எனலாம். எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனின் பக்கத்திலேயே ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய்க்கெனத் தனியே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பது செய்தி. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலே வெளியிட்டுள்ளது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளையே வரலாறாகப் படித்துவந்த நமக்கு, ஒரு நாயின் பெயரைக் கல்லிலே வெட்டிய அவ்வூராரின் நெஞ்சம் வியப்பளிக்கிறது.

அவர்கள் நாய்க்காக வருந்த வெட்கப்படவில்லை. நாம்தான் வெட்கப்படுகிறோம். பல்லாண்டு வளர்த்த நாய் மூப்பெய்தி இறந்தால், கண்ணில் வரும் நீரைத் துடைத்துக்கொண்டு, 'தூசி விழுந்துவிட்டது' என்று பொய் சொல்லுகிறோம். கிழநாயைக் கடைசிவரை வைத்துக் காப்பதும், அது மறைந்தால் மனம்விட்டு வருந்துவதும் வளர்த்தவர் செலுத்த வேண்டிய கடன் என்பதே என் கருத்து.

இதை ஏட்டறிவை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எனக்கு ஆறு வயது. சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் சிற்றூரில், சாய்ந்து கிடந்த முருங்கை மரத்தடியில் நனைந்து நடுங்கிய குட்டி ஒன்றை அப்பா தம் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். மணி என்று பெயரிட்டோம். சாதாரண நாட்டு நாய்தான். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, ஆடுகளோடு திண்ணையிலே நின்று, பாம்பு நீந்தி வந்தால் குரல் கொடுத்து எங்களை எழுப்பியது. சென்ற கார்த்திகையில் அது இறந்தது. ஏறத்தாழப் பதினான்கு வயது.

கடைசி ஓராண்டு மணியின் கண்கள் பூத்துவிட்டன. பின்னங்கால்கள் மடங்க மறுத்தன. அப்பா வயலுக்குப் புறப்பட்டால் தெருமுனைவரை தள்ளாடிச் சென்று, அதற்குமேல் முடியாமல், அவர் திரும்பும்வரை அங்கேயே படுத்திருக்கும். கண் தெரியாவிட்டால் என்ன? நாயின் உலகம் மூக்கினால் அமைந்தது. சனிக்கிழமைகளில் நான் கடலூரிலிருந்து போய் இறங்கினால், பார்வையற்ற அந்த முகம் நான் வரும் திசைக்குத் திரும்பும். வால் மண்ணைத் தட்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனி மருந்தில்லை, வேதனை கூடினால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று கால்நடை மருத்துவர் பக்குவமாகச் சொன்னார். அம்மாதான், "அதுவாப் போவட்டும் சார், நாங்க பக்கத்துல இருந்து பாத்துக்கறோம்" என்றார். மூன்றாம் நாள் இரவு அது போயிற்று. நாங்கள் நால்வரும் பக்கத்தில் இருந்தோம்.

மறுநாளிலிருந்து நான் கேட்ட சொல் ஒன்றே. உறவினர் சொன்னார், பேருந்தில் வந்த ஊர்க்காரர் சொன்னார், உடன் படிக்கும் நண்பரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாய்தானே!" எவருக்கும் தீய எண்ணமில்லை, ஆறுதலாக நினைத்தே சொன்னார்கள். ஆனால் ஆறுதல் என்று சொல்லப்படும் அச்சொல் துயரத்தைக் குறைக்கவில்லை. துயரப்படுவதற்கு உனக்கு உரிமையில்லை என்று சொல்லி வாயை அடைக்கிறது.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். இத்துயரம் வெறும் கற்பனையன்று. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் உற்று நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். தாயையும் சேயையும் பிணைப்பதில் பங்குபெறும் அதே ஹார்மோன்தான் இது. அறிவு 'நாய்தானே' என்று சொன்னாலும் உடல் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

இவ்வுறவு நேற்று முளைத்ததுமன்று. ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914இல் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒரு பழங்குழியைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு ஒரு நாயும் இருந்தது. அதன் பற்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அது குட்டியாயிருந்தபோது 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய நோயால் பலமுறை வாடியிருக்க வேண்டும் என்றும், மனிதர் உணவும் நீரும் தந்து பேணாமல் அது அத்தனை நாள் உயிர் வாழ்ந்திருக்க இயலாது என்றும் 2018இல் எழுதினர். நோயில் கிடந்த குட்டியால் வேட்டைக்கு என்ன பயன்? கல்லாயுதம் ஏந்திய அம்மனிதர் பயன் கருதிப் பேணவில்லை என்பது தெளிவு.

நம் இலக்கியமும் இதை அறியும். நாலடியார் சமண முனிவர்கள் பாடியது என்பர். சமணப் பள்ளி ஒரு காலத்தில் ஓங்கியிருந்த திருப்பாதிரிப்புலியூர் நம் கடலூரிலேயே உள்ளது. அந்நூல் நட்புக்கு உவமை தேடும்போது யானையைத் தள்ளிவிட்டு நாயைத்தான் எடுத்துக்கொள்கிறது. பழகிய பாகனையே யானை கொன்றுவிடக்கூடும். நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும் நிலையிலும் அவனைக் கண்டு வாலை ஆட்டும் என்பது அங்குக் காணும் கருத்து. நம் மாவட்டத்தில் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்தும் ஆடுகிறார்கள். அந்தப் பாரதத்தின் முடிவில் தருமன் என்ன செய்கிறான்? தம்பியரும் பாஞ்சாலியும் வழியில் வீழ்ந்தபின், உடன்வந்த நாயை விட்டுவிட்டால்தான் வானுலகம் என்று இந்திரன் சொல்லும்போது, அப்படியானால் வானுலகம் வேண்டாம் என்கிறான். நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்பது அவன் வாதம். அந்த நாய் அறக்கடவுளே எனப் பின்னர் தெரிகிறது. ஆனால் மறுத்த வேளையில் தருமனுக்கு அது வெறும் நாய்தான். அவனுடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். அவற்றுக்கு விடை சொல்லாமல் போவது முறையன்று.

நாய்க்காக அழுவது பணக்காரர் வீட்டுப் பழக்கம், கூலி வேலை செய்வோருக்கு அது எதற்கு என்பது முதல் மறுப்பு. மெத்தையில் படுக்கும் நாயை மட்டுமே நினைத்துப் பேசும் பேச்சு இது. களத்து நெல்லையும் பட்டி ஆட்டையும் பூட்டில்லாத குடிசையையும் காத்தவை எவருடைய நாய்கள்? கருந்தேவக்கத்தி எருமை காத்து மாண்டவன். அவன் பக்கத்தில் நின்ற கோவிவன் அரண்மனை நாயன்று. என் பெற்றோர் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்கள். எடத்தனூர் கல்வெட்டைப் பற்றி நான் சொல்லும்வரை அவர்கள் கேட்டதில்லை. ஆயினும் தாங்கள் உண்ணும் கஞ்சியைக் கரைத்து, ஒரு கிழநாயின் வாயில் சிறிது சிறிதாக ஊற்றினார்கள். இதற்குச் செல்வம் தேவைப்படவில்லை.

நாய்க்கடியால் மக்கள் மாண்டுகொண்டிருக்கும் நாட்டில் நாய்க்குக் கண்ணீரா என்பது இரண்டாம் மறுப்பு. இது நியாயமான கேள்வி. மனிதரைத் தாக்கும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்களின் வழியாகவே வருகிறது என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெருநாய்ச் சிக்கல் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம்வரை சென்று, அம்மன்றம் 11ஆம் நாள் ஓர் ஆணையிட்டு 22ஆம் நாள் அதைத் திருத்தியதை நாம் அறிவோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுபவர் யார்? அதன் சாவுக்கு வருந்தக்கூடியவரே. 'நாய்தானே' என்பவர் ஊசியும் போடுவதில்லை. கிழடானதும் கோணியில் கட்டி, பக்கத்து ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறார். அது பின்பு பசியும் அச்சமும் கொண்ட தெருநாய் ஆகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960இல் வந்த சட்டம் அது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கோணியும் புழக்கத்தில் இருக்கிறது. அன்பும் பொறுப்பும் ஒன்றே என்பதைத்தான் இது காட்டுகிறது.

ஊசி போட்டு முடிப்பது சரியா தவறா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையில் உள்ள விலங்கின் உயிரை முடிக்க அதே சட்டம் இடம் தருகிறது. மருத்துவர் மயக்க மருந்தை மிகுதியாகச் செலுத்தினால், நாய் உறங்கி, உறக்கத்திலேயே இதயம் நின்றுவிடுகிறது. வலியால் இரவெல்லாம் அலறும் நாய்க்கு அது அருள் என்பேன். அமைதியாய்த் தளர்ந்து செல்லும் நாய்க்கு அம்மா சொன்ன வழி போதும். எவ்வழியாயினும், மருத்துவரிடம் விட்டுவிட்டு வெளியே வந்துவிடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தெரிந்த வாசனை நம்முடையதுதான்.

இறந்தபின் செய்ய வேண்டியவையும் உண்டு. சாக்கில் கட்டி வாய்க்காலில் எறியாமல், கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்ட, பிற நாய்கள் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். ஊசி போட்ட உடலாயின் இன்னும் கவனம் வேண்டும். அம்மருந்து உடலிலே தங்கி, தோண்டித் தின்னும் உயிர்களைக் கொல்லக்கூடும். வெறிநோய் என்ற ஐயம் எழுந்தாலோ வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்வதே அறிவுடைமை.

வீட்டிலுள்ள சிறுவரிடம் பொய் சொல்லக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையிடம், "மணி காசிக்குப் போயிருக்கு" என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்லிவிட்டார். இரவில் அருகிலிருந்து பார்த்த அவளோ, அதையும் நம்பி, இரண்டு நாள் மாலையில் தெருமுனையில் போய் நின்றாள். அப்பா அவளைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, மண் மேட்டைக் காட்டி, "மணி செத்துப்போச்சும்மா, இனிமே வராது" என்றார். அன்று ஓவென்று அழுதாள். மறுநாள் சோறு உண்டாள். உண்மை சுடும், ஆனால் ஆறிவிடும். பொய்யோ, குழந்தையைக் காத்திருக்க வைத்துவிடும். உடனே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பப் பார்ப்பதும் வேண்டாம். துயரம் தானே தணியட்டும். பிறகு வரும் குட்டி தனக்கென ஒரு பெயரோடு வரட்டும்.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் ஊரைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறோம். வீட்டில் கிழமாகிக்கொண்டிருக்கும் நாயோ மாடோ நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. ஒருநாள் உங்கள் அறைத்தோழன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். காரணம் கேட்டால் தயங்கித் தயங்கிச் சொல்வான். அப்போது 'நாய்தானே' என்று சொல்லிவிடாதீர்கள். அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். மற்றதை அவனே சொல்லுவான்.