மதகு திறக்கும் முன் ஒரு போன்

மாண்புமிகு இந்தியப் பிரதமர் அவர்களுக்கும் மாண்புமிகு நேபாளப் பிரதமர் அவர்களுக்கும்,

நேபாளத்திலிருந்து பீகாருக்குப் பாயும் கோசி நதிக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தெற்கே, கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். அந்த நதியில் நான் கால் நனைத்ததில்லை. ஆனாலும் 2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை இரவு, அது எங்கள் தெருவுக்கு வந்தது. எதிர்மனையில் கட்டட வேலைக்கு வந்திருந்த பீகார்ப் பையன்கள் ஆறு பேர், தகரக் கொட்டகை வாசலில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வடித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்கப் போனேன். கோசியின் குறுக்கே உள்ள பீர்ப்பூர் கதவணையின் 56 மதகுகளும் திறந்துகிடக்க, கலங்கல் தண்ணீர் தூண்களில் மோதிச் சுழித்துப் போகும் வீடியோ. “கரைக்குள்ள வீடு அக்கா. அம்மா அப்பா அங்க இருக்கு” என்றான் சுபௌல் மாவட்டத்துப் பையன் ஒருவன்.

கரைக்குள்ளே எப்படி வீடு இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. எம்-சாண்ட் குவியலை உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கி, குச்சியால் இரண்டு நீளக் கோடு இழுத்தான். இரண்டும் கரை. நடுவில் வளைந்து வளைந்து மூன்று நான்கு கோடு. அது கோசி. அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு செங்கல் துண்டை வைத்தான். அதுதான் வீடு.

அந்தச் செங்கல் துண்டுக்காகத்தான் இந்த மடல்.

மறுநாள் விடியற்காலை கதவணையைக் கடந்த தண்ணீர் வினாடிக்கு 6.61 லட்சம் கன அடி. 1968-க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. மேலே நேபாளத்தில், காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலும் மலைக் கிராமங்களிலும், அதே மழைக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கீழே தர்பங்காவில் கரை உடைந்தது. பையனின் அம்மாவும் அப்பாவும் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு எருமைகளையும் சோள மூட்டைகளையும் ஓட்டியும் தூக்கியும் கரை மேட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு மூன்று வாரம் இருந்தார்களாம். அவர்களுக்குச் செய்தி சொன்னது யார் தெரியுமா? எல்லைக்கு அந்தப் பக்கம், நேபாளத்தின் சுன்சரி மாவட்டத்தில் வாக்கப்பட்டுப் போன அத்தை. ஆற்றின் சத்தம் மாறியதைக் கேட்டு அவள்தான் போன் போட்டிருக்கிறாள். மைக் கட்டிய ஜீப் அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

இரண்டு அரசுகளுக்கு நடுவே எத்தனையோ கூட்டுக் குழுக்கள் இருக்கின்றன. அன்று அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது கொண்டு கொடுத்த உறவு.

காவிரிக்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காலையும் மாலையும் ஒரு எண் காதில் விழும்: ‘பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி.’ ஒகேனக்கல் பரிசல்காரரிலிருந்து மேட்டூருக்குக் கீழே சலவைக்குப் போகிறவர்வரை அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். கர்நாடகத்தோடு எங்களுக்கு எத்தனை வழக்கு, எத்தனை வருத்தம்! ஆனாலும் அந்த எண் நிற்பதில்லை. எண்ணைப் பார்த்துத்தான் ஆட்சியர் ஒலிபெருக்கியில் எச்சரிக்கச் சொல்கிறார், பரிசலை நிறுத்துகிறார். கோசிக் கரைக்குள் இருக்கும் அம்மாவுக்கு அப்படி ஓர் எண் அவள் மொழியில், அவள் போனில், விடாமல் வருவதற்கு என்ன தடை?

ஆளில்லை, கருவியில்லை என்று சொல்ல முடியாது. நேபாளத்தின் நீரியல் துறை மலையில் நீர்மட்டம் அளக்கிறது. அபாயக் குறி தாண்டினால் தன் மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. இந்தியாவின் மத்திய நீர் ஆணையம் சமவெளியில் அளக்கிறது. கோசிக்குச் சற்று மேற்கே ராதூ என்ற சிறு நதியில், காத்மாண்டுவில் இயங்கும் இசிமோட் என்ற மலைவள ஆய்வு மையம் எல்லை தாண்டி எச்சரிப்பதைச் செய்தே காட்டியது. நேபாளப் பக்கம் ஒரு கருவி, அதைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவர். நீர் ஏறினால் அவர் எல்லைக்கு இந்தப் பக்கம் பீகார்க் கிராமத்துக்குப் போன் செய்வார். அவ்வளவுதான் ஏற்பாடு. தலைநகர்களுக்கு இடையே கோப்பு நகரும்வரை காத்திராமல் ஊரும் ஊரும் பேசிக்கொண்டன. சின்ன நதியில் முடிந்தது பெரிய நதியில் முடியாதா?

2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதியை நினைவுபடுத்துகிறேன். சிந்துபால்சோக் மாவட்டத்து ஜூரேயில் மலை சரிந்து 156 பேரை மூடியது. சுன்கோசியை மறித்து ஓர் ஏரியே உண்டானது. அது ஒரேயடியாக உடைந்தால் கீழே என்னாகும் என்பது உங்கள் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. நேபாள ராணுவம் வெடி வைத்து மெல்ல மெல்லத் தண்ணீரை வடியவிட்டது. பீகாரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். அன்று செய்தி எல்லையில் நின்று முத்திரைக்குக் காத்திருக்கவில்லை. பயம் வந்தபோது உங்களால் முடிந்தது. பயம் வராத நாளிலும் அது நடக்க வேண்டும்.

ஏனென்றால் 2008-இல் நடந்தது வெள்ளமே அல்ல. ஆகஸ்ட் 18 அன்று நேபாள மண்ணில் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடியது சுமார் 1.44 லட்சம் கன அடி. கதவணை தாங்கும் என்று கட்டியது 9.5 லட்சம். ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத் தாங்காமல் கரை போனது! நதி தன் பழைய தடத்தைத் தேடி நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தாவி, சுபௌல், மதேபுரா, அராரியா என்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாழ்வில் நடந்துபோனது. நேபாளத்திலும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். 1954 ஏப்ரல் 25-இல் காத்மாண்டுவில் கையெழுத்தாகி 1966-இல் திருத்திய ஒப்பந்தப்படி, நிலம் நேபாளத்துடையது. கதவணையையும் கரையையும் பராமரிப்பது இந்தியா, அதாவது பீகார். உடைந்த பிறகு இந்தியத் தரப்பு, எங்களை வேலை செய்ய விடவில்லை என்றது. நேபாளத் தரப்பு, பராமரிக்காமல் விட்டீர்கள் என்றது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு பேர் வாதாடும் இடைவெளியில் ஒரு கரை கரைந்துபோக முடியும் என்றால், அந்த ஏற்பாட்டிலேயே ஓட்டை இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து கரையை முழுக்க நடந்து பார்க்கட்டும். எங்கே பலவீனம், எப்போது சரிசெய்வார்கள், யார் பொறுப்பு என்பதை மைதிலியிலும் நேபாளியிலும் ஊர்ச் சுவரில் ஒட்டட்டும். மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்ற விதியும் ரகசியமாக இருக்கக் கூடாது. ‘சாவி இந்தியா கையில், மூழ்குவது நாங்கள்’ என்று மழைக்காலந்தோறும் சப்தரி, சுன்சரி மக்கள் குமுறுகிறார்கள். அந்தக் குமுறலில் நியாயம் இருக்கிறது.

ஐரோப்பாவின் ரைன் நதிக்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் அல்லர். இரண்டு உலகப் போர்களில் ஒருவரையொருவர் கொன்றவர்கள். 1993-லும் 1995-லும் வெள்ளம் வந்து, நெதர்லாந்தில் மட்டும் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்த பிறகு, 1998-இல் ஒன்றாக உட்கார்ந்து ஒரு செயல்திட்டம் போட்டார்கள். அதில் ஓர் இலக்கு, 2005-க்குள் முன்னறிவிப்பு அவகாசத்தை இரட்டிப்பாக்குவது. தேதியும் அளவும் சொல்லிப் போட்ட வாக்குறுதி. உங்கள் கூட்டறிக்கைகளில் அப்படி ஒரு வரியைத்தான் தேடுகிறேன். அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2021 ஜூலை வெள்ளத்தில், ஐரோப்பிய எச்சரிக்கை நாள்கணக்கில் முன்பே போயும், ஜெர்மனியில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை அலுவலகம்வரை போனது. அங்கே ஆர் நதிப் பள்ளத்தாக்கின் வீட்டு வாசலுக்குப் போகவில்லை.

நேபாளத்தில் 269 மீட்டர் உயர சப்தகோசி அணையைக் கட்டினால் எல்லாம் தீரும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்படுகிறது. 2004-இல் அதற்கென விராட்நகரில் கூட்டு அலுவலகமே திறந்தார்கள். மூழ்கப்போகும் மலைக் கிராமங்கள் வேண்டாம் என்கின்றன. நிலநடுக்கம் குலுக்கும் மலை அது. வண்டலைச் சுமந்து வரும் நதி அது. அணை வருமோ வராதோ, அதைக் காட்டி இன்றைய வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கரைகளை நீட்டுவதும் விடையல்ல. பீகாரில் 1950-களில் 160 கிலோமீட்டராக இருந்த வெள்ளக் கரை 3,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ளம் பாயும் நிலமோ 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சத்துக்கும் மேலே போனது. தினேஷ் குமார் மிஸ்ரா இதை ஊர் ஊராக நடந்து எழுதிவைத்திருக்கிறார். பீகாரில் கோசியின் கரைகளுக்கு நடுவே சிக்கிய ஊர்கள் மட்டும் சுமார் 380. வண்டல் சேரச் சேர ஆற்றின் தரை உயர்கிறது. அந்த மக்களுக்கு மாற்று நிலம் கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கோசியின் தலை திபெத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று, கோசிக்கு அடுத்த கண்டகி வடிநிலத்தில், திபெத்துப் பக்கப் பனிப்பாறை ஏரி வடிந்து வந்த வெள்ளம் ரசுவாகடியில் நேபாள-சீன நட்புப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. மேலிருந்து முன்கூட்டி ஒரு வார்த்தை வரவில்லை. பிரம்மபுத்திராவின் நீர்மட்டத்தைப் பகிர 2002-லேயே இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் போட்டன. டோக்லாம் எல்லைப் பிணக்கு நடந்த 2017-இல் அந்தத் தகவல் வரவில்லை. நீங்கள் இருவரும் சேர்ந்து பெய்ஜிங்கிடம் கேளுங்கள்: எல்லைச் சண்டை எதுவானாலும் நீர்மட்ட எண் மட்டும் நிற்கக் கூடாது என்று. அதைக் கேட்கும் தகுதி, உங்களுக்குள் அதை முதலில் செய்தால்தான் வரும்.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான். போன வாரம் பேசினேன். வீட்டு வாசலில் அப்பா ஒரு மூங்கில் நட்டிருக்கிறாராம். அரிவாளால் மூன்று வெட்டு. முதல் வெட்டுக்குத் தண்ணீர் வந்தால் மாட்டை அவிழ்க்க வேண்டும், இரண்டாவதுக்கு வந்தால் அம்மா கிளம்ப வேண்டும். மூன்றாவதைப் பற்றி அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த மடலுக்குப் பதில் எனக்கு வேண்டாம். அடுத்த மழைக்கு முன்பு, முதல் வெட்டைத் தண்ணீர் தொடுவதற்குப் பல மணி நேரம் முன்னதாக, அந்த வீட்டுப் போனுக்கு அந்த எண்ணை மைதிலியில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடிமகள்