இரண்டாவது சப்வூஃபர் எதற்கு?

வீட்டில் ஒரு சப்வூஃபர் இருக்கும்போது இன்னொன்றும் வாங்கலாமா என்று கேட்டால், "இருக்கிற சத்தம் போதாதா?" என்பதுதான் வழக்கமான பதில். பெட்டி கூடினால் சத்தம் கூடும் என்ற கணக்கு அது. இரண்டாவது பெட்டியின் முக்கிய வேலை வேறு: எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கச் செய்வது.

ஒற்றை சப்வூஃபர் ஓடும் அறையில் எழுந்து நடந்து பாருங்கள். சுவரோரம் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் நடுவில் காணாமல் போகும். குறை பெட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது. 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 10 மீட்டர். 5 மீட்டர் நீளக் கூடத்தில் அதில் சரிபாதிதான் அடங்கும். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் கலந்து, இடம் பெயராத நிலை அலை ஒன்று உருவாகிறது. அதன் அழுத்தம் சுவரோரம் உச்சத்திலும் நட்டநடுவில் கிட்டத்தட்ட பூஜ்யத்திலும் இருக்கும். 4 மீட்டர் அகலத்துக்கு இதே கதை 43 ஹெர்ட்ஸில். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமான நம் வீடுகளில் இது இன்னும் கடுமை. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்கச் சுவர்கள் தாமும் அதிர்ந்து கொஞ்சம் பேஸை விழுங்கிவிடும். நம் சுவர்கள் அப்படியே திருப்பி அனுப்பும்.

ஈக்வலைசரில் சரிசெய்துவிட முடியாதா? உச்சத்தைக் குறைக்க அது உதவும், பள்ளத்தை நிரப்ப உதவாது. 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு பவர் தர வேண்டும். அப்படித் தந்தாலும் நடுவில் இருப்பவருக்குப் பெரிய பலனில்லை. சுவரோரம் இருப்பவருக்குத்தான் காது அடைக்கும்.

தீர்வு அந்த அலையின் குணத்திலேயே இருக்கிறது. 34 ஹெர்ட்ஸில் ஒரு சுவரோரம் அழுத்தம் ஏறும்போது எதிர்ச் சுவரோரம் இறங்கும். இரு சுவர்களிலும் தலா ஒரு சப்வூஃபர் வைத்து ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளவிட்டால், ஒன்று வளர்க்கப் பார்க்கும் அலையை மற்றது அடக்கிவிடும். அதனால் பேஸ் போய்விடாது. அறைக் காற்று மொத்தமும் ஒன்றாக அழுந்தி விரிவதால் அது சமமாகப் பரவும். ஆனால் அதன் இரட்டிப்பான 68 ஹெர்ட்ஸில் இந்தத் தந்திரம் பலிக்காது, அங்கே இரு சுவர்களும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். பக்கச் சுவர்களின் நடுவில் இன்னும் இரண்டு வைத்தால் அதுவும் அடங்கும், ஏனென்றால் அந்த அலைக்கு அறையின் நடுப்பகுதி இரு முனைகளுக்கும் நேர்மாறு.

ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனின் ஆராய்ச்சியாளர் டாட் வெல்டி 2002இல் செவ்வக அறைகளைக் கணினியில் அமைத்து, ஆயிரக்கணக்கான சப்வூஃபர்கள் வரை அடுக்கிப் பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று போதும், அதற்கு மேல் சொல்லும்படி லாபமில்லை என்று கண்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே நல்ல பலன்.

சுவரின் நடுவில்தான் நமக்கு வாசல் இருக்கும்! பரவாயில்லை, கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டையும் ஒரே மூலையில் அடுக்குவதை மட்டும் தவிருங்கள். அதில் சத்தம்தான் கூடும், மேடுபள்ளம் அப்படியே இருக்கும். வைத்த பிறகு இரண்டின் ஒலி அளவையும் ஒலி வந்துசேரும் தாமதத்தையும் மைக் கொண்டு அளந்து பொருத்த வேண்டும். ஒரே பணத்தில் பெரியது ஒன்றா, நடுத்தரம் இரண்டா என்றால் குடும்பமாகப் படம் பார்ப்பவர்களுக்கு இரண்டையே சொல்வேன். தனியாக ஒரே நாற்காலியில் பாட்டுக் கேட்பவர், இடம் தேடி வைத்த ஒரு சப்வூஃபரோடும் ஈக்வலைசரோடும் நிறுத்திக்கொள்ளலாம்.