கழற்றி எறிந்தால் சரியாகிவிடுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் லாரியைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்தினான். 2020 கடைசியில் எடுத்த பி.எஸ். 6 வண்டி. பன்னிரண்டு சக்கரம். ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வாரண்டி முடிந்து வெகு நாளாகிறது. ட்யூ இன்னும் ஏழு மாதம் பாக்கி. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. மேடு வந்தால் வண்டி இழுக்க மறுக்கிறது.

"பெரியப்பா, சர்வீஸ்ல கேட்டனுங்க. சைலன்சர்ல இருக்கற ஃபில்டர், யூரியா செட்டு எல்லாம் மாத்தோணும், ரெண்டே முக்கால் லட்சம் ஆகும்ங்கறாங்க. பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில முப்பத்தஞ்சாயிரத்துக்கு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, கம்ப்யூட்டர்லயும் அடிச்சுக் குடுத்தர்றேங்கறாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல்லில் 36 வருஷம் டீசல் பம்ப் மேஸ்திரியாக இருந்தவன் நான். பழைய பம்ப்பில், இவ்வளவுக்கு மேல் டீசல் போகக்கூடாது என்று ஒரு ஸ்க்ரூவை வைத்து, அதன் மேல் ஈய சீல் அடித்திருப்பார்கள். அந்த சீலை உடைத்து, ஸ்க்ரூவைத் திருப்பி, டீசலை ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன். "மேஸ்திரி, வண்டி இழுக்கோணும்" என்பார்கள். கரும்புகை கக்கினால்தான் வண்டிக்குப் பலம் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. புகைச் சோதனைக்குப் போகிற அன்றைக்குக் குறைத்து வைப்போம், திரும்பி வந்ததும் ஏற்றிவிடுவோம். கூலியும் வாங்கினேன். அதனால், ஒன்றும் தெரியாத உத்தமன் போல இதை எழுதவில்லை. இந்த வேலையைச் செய்தவன் என்பதாலேயே எழுதுகிறேன்.

என் பதில்: கழற்றக்கூடாது. பழுது பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அங்கே இருப்பது என்னவென்று பார்ப்போம். பி.எஸ். 6 வண்டியின் சைலன்சர் வெறும் தகரக் குழாய் அல்ல. அதில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடு ஏறும்போது அதை எரித்துவிடும். அதற்கு அடுத்து யூரியா தண்ணீரைத் தெளிக்கும் அமைப்பு. நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து, சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவதுதான் அதன் வேலை. கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு பி.எஸ். 3-ல் 5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பி.எஸ். 4-ல் 3.5 கிராம். பி.எஸ். 6-ல் 0.4 கிராம் அளவுதான். இந்தக் கணக்கே அந்தப் பெட்டியை நம்பித்தான் நிற்கிறது.

இனி, கழற்றச் சொல்கிறவர்களின் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"அந்தக் காலத்து வண்டியில் இதெல்லாம் இருந்ததா? ஓடவில்லையா?" ஓடியது. ஆனால் இந்த எஞ்சின் அந்த எஞ்சின் அல்ல. பின்னால் யூரியா சுத்தம் செய்துகொள்ளும் என்ற நம்பிக்கையில், சிலிண்டருக்குள் சூடாக, சிக்கனமாக எரியும்படி இதை அமைத்திருக்கிறார்கள். அப்படி எரிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் உண்டாகும். பின்னால் இருக்கும் பெட்டியை எடுத்துவிட்டால் அத்தனையும் அப்படியே வெளியே வரும். பழைய வண்டியை விடவும் மோசமாகப் போக வாய்ப்புண்டு. அது கரும்புகை போல கண்ணுக்குத் தெரியாது. அதனால் "என் வண்டியில் புகையே இல்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அடைத்துக்கொள்கிறது, தொல்லை." அடைப்பது ஏன் என்று யாராவது கேட்டோமா? டர்போ சீல் போய் ஆயில் கசிந்தால் அடைக்கும். இன்ஜெக்டர் சரியில்லாமல் டீசல் அரைகுறையாக எரிந்தால் அடைக்கும். மலிவு ஆயில் ஊற்றினால் அதன் சாம்பல் தங்கும், அது எந்தச் சூட்டிலும் எரியாது. மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வைத்தால், எரிக்கத் தேவையான சூடே ஏறாது. வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றால் முன்னால் ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றி எறிவது, நாய் குலைக்கிறதே என்று நாயை அடித்து விரட்டிவிட்டு, திருடனை வீட்டுக்குள் விட்டுத் தூங்குவது போலத்தான்.

"யூரியா செலவு மிச்சம்." உண்மைதான், மறுக்கவில்லை. டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு யூரியா தண்ணீர் போகிறது. ஆனால் அந்தச் செலவைக் குறைக்கிறேன் என்று நம் ஆட்கள் செய்கிற காரியம் இருக்கிறதே! வயலுக்குப் போடும் மானிய யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். 2015-லிருந்து வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் தண்ணீரில் உள்ள உப்பும் உள்ளே போய்ப் படிந்தால் லட்ச ரூபாய் சாமான் வீண். விவசாயியின் மானியத்தைத் திருடி, நம் வண்டியையே கெடுத்துக்கொண்டு, கடைசியில் "கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்கிறோம்.

"பொல்யூஷன் சர்ட்டிபிகேட் கிடைத்துவிடுகிறதே!" ஆமாம், கிடைக்கிறது. அதுதான் வெட்கம். டீசல் வண்டிக்கு நாம் எடுக்கும் அந்தச் சோதனை, எஞ்சினை முறுக்கி, புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. யூரியா செட்டைப் பிடுங்கிப் போட்ட வண்டியும் பாஸ் ஆகும். அகப்படவில்லை என்பதால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் வந்தது. அடித்துக் கொடுக்கிற பட்டறைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். மாட்டினால் வண்டிக்குச் சொந்தக்காரர்தான் போய் நிற்க வேண்டும்.

"நான் ஒருத்தன் செய்வதால் உலகம் கெட்டுவிடுமா?" அமெரிக்காவிலும் இப்படித்தான் ஒவ்வொருத்தராக நினைத்தார்கள். அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2020-ல் கணக்குப் போட்டபோது, பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இதைப் பிடுங்கியிருந்தார்கள். நம் பக்கம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எத்தனை லாரி! ஒவ்வொருத்தரும் "நான் ஒருத்தன்தானே" என்றால் என்ன ஆகும்?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்தது. புகையிலை இருக்கிற அதே வரிசை. அந்தப் புகையை முதலில் குடிப்பது யார்? டெல்லிக்காரர்களா? வண்டிக்குப் பின்னால் நின்று "ரைட், ரைட்" என்று கை காட்டுகிற கிளீனர் பையன். செட்டில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிற மெக்கானிக். ரோட்டோர டீக்கடை அம்மா. என் மச்சினர் 30 வருஷம் லாரி ஓட்டினார். இப்போது இரவில் படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். பீடியா, புகையா என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் நான் டீசலை ஏற்றிவிட்ட வண்டிகளில் அவருடையதும் ஒன்று. அந்த நினைப்பு என்னை விடுவதில்லை.

லாரிக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். எதைச் சோதித்தாலும் "செட்டோடு மாத்து" என்பது அநியாயம். அடைத்த வடிகட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதே இல்லை. ஐந்து வருஷ ட்யூ கட்டுகிறவனுக்கு அந்தச் சாமானுக்கு மட்டும் ஏன் அதற்குள் வாரண்டி முடிகிறது? சுத்தம் செய்யும் மெஷின் ஒவ்வொரு லாரி ஊரிலும் இருக்க வேண்டும். நம் பட்டறைப் பையன்களுக்கு இதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். போலி யூரியா விற்கிறவனைப் பிடிக்க வேண்டும். சங்கங்கள் சுங்கக் கட்டணத்துக்கும் டீசல் விலைக்கும் ஸ்ட்ரைக் செய்கின்றன. இதற்கும் ஒரு நாள் குரல் கொடுத்தால் என்ன? கழற்றுவது சுலபம். அதனால்தான் யாரும் இதைக் கேட்பதில்லை.

சரி, தம்பி மகன் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் விட்டோம். பிரித்துப் பார்த்தால் டர்போ சீல் கசிவு. யூரியா தெளிக்கும் நாசிலில் உப்புப் பூத்தது போல வெள்ளைக் கட்டி. "யூரியா எங்க கண்ணு வாங்கினே?" என்றேன். ரோட்டோரம் கேனில் விற்றதாம், தலையைக் குனிந்துகொண்டான். ஒரு சென்சாருக்கு உயிர் இல்லை. வடிகட்டி உடையவே இல்லை. அதைக் கழற்றி, சூளையில் சுட்டு, காற்றடித்துத் திரும்ப மாட்டினார்கள். மொத்தம் 94,000 ரூபாய். இதில் டர்போவுக்கு மட்டும் 28,000. ஃபில்டரைக் கழற்றி எறிந்திருந்தாலும் டர்போவுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் ஆயிலைக் குடித்து எஞ்சினையே முடித்திருக்கும். ஆக மீதி 66,000. கழற்ற 35,000. வித்தியாசம் 31,000 ரூபாய். ரெண்டே முக்கால் லட்சம் என்று பயந்த இடத்தில் உண்மைக் கணக்கு இவ்வளவுதான்.

வண்டி ஒன்பது நாள் நின்றது. ஒரு லோடு போயிற்று. ட்யூ ஒரு மாதம் தள்ளியது. அவன் முகம் சுளித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. "உபதேசம் பண்ணின பெரியப்பனும் பங்கு போடோணும்" என்று சொல்லி, டெபாசிட்டிலிருந்து 40,000 எடுத்துக் கொடுத்தேன். கடனாக அல்ல. நான் உடைத்த ஈய சீல்களுக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டில் லாரி இருக்கும், அல்லது லாரி ஓட்டுகிற பிள்ளை இருப்பான். அவன் வந்து "கழட்டிப் போட்டரலாங்களா?" என்று கேட்டால், சட்டத்தைச் சொல்லி மிரட்ட வேண்டாம். "ஏன் அடைச்சுதுன்னு பிரிச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேளுங்கள்.