பழம்பொறிக்குப் புதுப்படி

ஆல்டேர் 8800 என்னும் பழைய கணிப்பொறியைப் பார்த்து, அதனை ஒத்த படியொன்றைத் தம் கையாலேயே செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாளிற் பல நாடுகளிலும் பரவியுள்ளது. கையிலுள்ள தொலைபேசியே அதனினும் பன்மடங்கு ஆற்றலுடையதாயிருக்க, இஃதென்ன வீண்வேலை என்று நம் மாணாக்கருட் சிலர் நகைக்கக் கேட்டிருக்கின்றோம். வீண்வேலை அன்று என்பதே எம் கருத்து. ஆயினும், செய்யும் முறையில் ஒரு நேர்மை வேண்டும் என்பதும் எம் கருத்தே.

1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க நாட்டுப் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்னும் இதழ் இப்பொறியைத் தன் மேலட்டையில் வெளியிட்டது. ஆல்புகர்க்கி நகரத்து எம்.ஐ.டி.எஸ். கம்பெனியார் இதனை 400 டாலருக்கு உட்பட்ட விலையில் உதிரிப் பாகங்களாக விற்க முன்வந்தனர்; வாங்கியவரே ஈயம் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளல் வேண்டும். திரையில்லை, எழுத்துப்பலகை இல்லை, முகத்தில் வரிசையாய்ச் சுவிட்சுகளும் சின்னஞ்சிறு செவ்விளக்குகளுமே உண்டு. உடன் கொடுத்த நினைவகம் 256 பைட்டு. திருக்குறளின் முதற்பாவை இற்றைநாள் யு.டி.எப்-8 முறையில் எழுதினால், ஏறக்குறையப் பாதியிடத்தை அஃதொன்றே கொள்ளும். இன்னுமொரு புதுமை: மேலட்டையிற் கண்டது மெய்ப்பொறியன்று. முதலிற் செய்த பொறி நியூயார்க்கு நகரத்துக்கு அனுப்புகையில் வழியிலே காணாமற்போயிற்று. ஆதலின் சுவிட்சும் விளக்கும் மட்டும் பொருத்திய வெறும் பெட்டி ஒன்றையே படமாக்கி வெளியிட்டனர். போலியைப் பழிப்போர் இதனை நினைத்தல் வேண்டும்.

இரண்டு எண்களைக் கூட்டுமாறு இப்பொறியைப் பணிக்க 14 பைட்டுக் கட்டளை போதும். பைட்டு ஒன்றுக்கு எட்டுச் சுவிட்சு. ஆகவே மேலோ கீழோ என்று 112 முறை முடிவு செய்தல் வேண்டும். ஒன்று தவறினும் விடை தவறும். திரையில் விரல் வைத்த அளவில் விடை பெறும் நமக்கு இஃது ஒரு தவம்போலத் தோன்றலாம். எமது திருப்பருத்திக்குன்றத்தார்க்கோ இது புதிதன்று. பெயர் பருத்தியாயினும், காஞ்சியைச் சூழ்ந்த இவ்வட்டாரத்துத் தொழில் பட்டு அன்றோ! தறியின்மேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. துளையுள்ளவிடத்துப் பாவிழை எழும், இல்லாவிடத்து எழாது. மயிலும் மாங்காயும் அன்னமும் இவ்விரண்டினாலேயே சேலையில் உருப்பெறுகின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804இல் அமைத்த இவ்வட்டை முறையையே சார்லசு பாபேஜு தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆல்டேரின் சுவிட்சை மேலே தள்ளும் இளைஞன், தான் அறியாமலே, நெசவாளியின் அட்டைக்குத் துளையிடுகின்றான்.

இனி, படி செய்யும் முறை. இப்பொழுதுள்ள ஆல்டேர்-டூயினோ என்னும் படியின் முகம் பழைய முகமே. உள்ளிருப்பதோ இன்டெல் 8080 சில்லு அன்று. 84 மெகாஹெர்ட்சு ஓட்டமுள்ள ஆர்டுயினோ பலகையொன்று, 2 மெகாஹெர்ட்சில் ஓடிய அப்பழஞ்சில்லாக நடிக்கின்றது. இது குற்றமா? அன்று என்போம். கைக்கும் கண்ணுக்கும் கற்பிப்பது முகமே. சுவிட்சுக்கு ஈடாகத் தொடுதிரை வைப்பாராயின் அதுவே குற்றம். சிலர் எஸ்.டி. கார்டும் கம்பியில்லா இணைப்பும் சேர்க்கின்றனர். சேர்க்கட்டும், புதியது புதியதென்று தெரியுமாறு நிற்றல் வேண்டும். எம்மூர்ச் சமணக் கோயிலின் சங்கீத மண்டபம் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387 அளவிற் கட்டுவித்தது. அதன் விதானத்தில் வெவ்வேறு காலத்தார் தீட்டிய வண்ணம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடத்தலின், எது முன்னோர் கோடு, எது பின்னோர் பூச்சு என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. பூசினோர் அன்பினாலேயே பூசியிருப்பர். ஆயினும் மறைந்தது மறைந்ததே.

ஒரு மாற்றத்தை மட்டும் யாமே விரும்பி வேண்டுவோம். முகத்திலுள்ள ஆங்கிலப் பெயர்களைச் சுரண்டாது, அவற்றின்கீழ்ச் சிறு பித்தளைத் தகட்டில் தமிழ்ப்பெயரும் பொறித்தல் நன்று. 'டிபாசிட்' என்பதன்கீழ் 'இடுக'; 'எக்ஸாமின்' என்பதன்கீழ் 'காண்க'; 'ரன்' என்பதன்கீழ் 'ஓடுக'; 'ஸ்டாப்' என்பதன்கீழ் 'நிற்க'. பொறிக்கு ஏவலே அமையும், வியங்கோள் எற்றுக்கு என்று வகுப்புத் தோழர் ஒருவர் வழக்கிடுகின்றார். நமது பௌதிக ஆய்வுக்கூடத்தார் பெட்டி ஒன்றை வரவழைப்பாராயின், தகட்டுக்கு வேண்டும் சொற்களைத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் தருவோம். அவ்வழக்கை அதன்பின் தீர்த்துக்கொள்ளலாம்.